பட்டியலில் விடுபட்ட பெயர்



இறந்தவர் விட்டுச்சென்ற வீட்டையும் நிலத்தையும் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் விசாரணை, உங்களுக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடலாம். யாரும் கதவை உடைக்க வேண்டியதில்லை. கள்ளக் கையெழுத்துகூடப் போட வேண்டியதில்லை. ஒரு பாரத்தில் உங்கள் பெயரை எழுதாமல் விட்டால் போதும். அல்லது உங்கள் பெயரை எழுதி, நீங்கள் இருபது வருடத்துக்கு முன் விட்டு வந்த முகவரியைப் போட்டால் போதும்.

நம் மக்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். சொத்து என்றால் பணக்காரர் வீட்டு விவகாரம் என்று நினைக்கிறோம். தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய மலிவு விலை வீடு, அப்பா பெயரில் உள்ள அரை ஏக்கர் நிலம், 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டி வாங்கிப் போட்ட பங்கு, தபால் அலுவலகச் சேமிப்பில் தொடங்கி வங்கியில் கிடக்கும் சில ஆயிரம் ரிங்கிட், இவை எல்லாம் சொத்துதான். அந்த வீடுதான் நம் குடும்பத்துக்கு உள்ள ஒரே கூரை. அது கைமாறும் விசாரணையில் உங்கள் குரல் ஒலிக்க வேண்டாமா?

எந்தக் கதவைத் தட்டுகிறார்கள்?

தீபகற்ப மலேசியாவில் இதற்கு இரண்டு முக்கிய வழிகள் உள்ளன.

முதலாவது, 1955-ஆம் ஆண்டின் சிறுசொத்துப் பகிர்வுச் சட்டம். நிலமோ வீடோ விட்டுச்சென்று, மொத்த மதிப்பு 5 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் போகாத சொத்து இதில் வரும். 2 மில்லியனாக இருந்த இந்த வரம்பு 2024 ஜூலையில்தான் உயர்த்தப்பட்டது. அதாவது, உயில் எழுதாமல் இறந்த நம் தொழிலாளர் குடும்பத்துப் பெரியவர்களின் சொத்து ஏறக்குறைய எல்லாமே இந்த வழியில்தான் போகும். விசாரணை நீதிமன்றத்தில் நடக்காது. நிலம் கனிமத் துறைத் தலைமை இயக்குநர் இலாகாவின் கீழ் உள்ள பூசாக்கா பிரிவில் நடக்கும். வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. செலவும் குறைவு.

இரண்டாவது, உயர் நீதிமன்றம். உயில் இருந்தால் பொதுவாக அதை நிறைவேற்றுபவர் அங்கே புரொபேட் பெறுவார். உயில் இல்லாத பெரிய சொத்துக்கு அங்கேயே நிர்வாகக் கடிதம், அதாவது நம்மவர்கள் சொல்லும் சுராட் குவாசா, வாங்க வேண்டும்.

ஊழியர் சேமநிதிப் பணம் மட்டும் வேறு பாதையில் போகும். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் யார் பெயரைக் குறித்து வைத்திருக்கிறாரோ அவருக்கே அது சேரும். அந்தப் பெயர் இன்னும் சரியாக இருக்கிறதா என்று உயிரோடு இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் யாருக்கு வரும்?

சிறுசொத்து மனு 'போராங் ஏ' என்ற பாரத்தில் தொடங்குகிறது. இறந்தவர் யார், சொத்து என்ன, கடன் என்ன, வாரிசுகள் யார் யார் என்பதை மனு போடுபவர் அதில் எழுத வேண்டும். பிறகு விசாரணைக்கு நாள் குறித்து 'போராங் டி' என்ற நோட்டீஸ் அனுப்பப்படும். தலைப்பில் 'நோத்திஸ் பெர்பிச்சாராஆன்' என்று மலாயில் இருக்கும். இறந்தவரின் பெயர், இடம், தேதி, நேரம் இருக்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அதிகாரிக்கு உங்கள் குடும்பத்தைத் தெரியாது. மனு போட்டவர் எழுதித் தந்த பெயர்களும் முகவரிகளும்தான் அவர் கையில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் உங்களுக்குக் கடிதம் வரும். இல்லாவிட்டால், நீங்கள் பிறந்ததாகவே அந்தக் கோப்புக்குத் தெரியாது.

உயர் நீதிமன்றத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. வாரிசுகளின் பட்டியலை அங்கேயும் விண்ணப்பம் செய்பவர்தான் சத்தியப் பிரமாணத்தோடு தருகிறார். மற்ற வாரிசுகளின் இணக்கக் கடிதத்தையும் அவரே கொண்டுவருகிறார். உயில் வழக்கில், யாரும் எதிர்க்காவிட்டால், குடும்பத்தினர் எல்லோரையும் அழைத்து விசாரிக்காமலேயே புரொபேட் கிடைத்துவிடும்.

மறுபக்கத்தாரையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்பது நீதியின் அரிச்சுவடி. ஆனால் மறுபக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதையே எதிர்ப்பக்கத்துக்காரர்தான் சொல்ல வேண்டும் என்றால், அந்த அரிச்சுவடிக்கு என்ன மதிப்பு?

விடுபடுகிறவர்கள் யார்?

எல்லோரும் ஒரே மாதிரி விடுபடுவதில்லை. விடுபடுவதில் நம் சமுதாயத்தின் வரலாறே இருக்கிறது.

தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோதும், நம் குடும்பங்கள் நாலா திசையிலும் சிதறின. லயன் வீடு இடிந்தது. ஆனால் அடையாள அட்டையில் அந்தத் தோட்டத்து முகவரியே இருக்கிறது. நோட்டீஸ் இப்போது எண்ணெய்ப் பனை நிற்கும் இடத்துக்குப் போகிறது. திரும்பி வருகிறது. உங்களுக்குச் செய்தி இல்லை.

கட்டிக்கொடுத்த பெண்கள். 'சீர் செய்து அனுப்பியாயிற்று, அவளுக்கு இனி என்ன' என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டத்தில் மகனும் மகளும் சமம். திருமணமானவரா இல்லையா என்ற கேள்வியே அங்கு இல்லை.

பாட்டி. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மகன் உயில் இல்லாமல் இறந்து, அவருடைய தாய் உயிரோடு இருந்தால், தாய்க்கும் பங்கு உண்டு. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகிய மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பிள்ளைகள் இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. இறந்தவர் மனைவியாக இருந்தால் கணவருக்கும் இதே கணக்கு. இது 1997-இல் திருத்தப்பட்ட கணக்கு. அதற்கு முன் இறந்தவர்களின் சொத்துக்குக் கணக்கு வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

முன்னரே இறந்த அண்ணனின் பிள்ளைகள். அப்பாவுக்கு முன் மகன் போய்விட்டால் அந்தக் கிளை முறிந்துவிடாது. மகனுக்கு வர வேண்டியது அவருடைய பிள்ளைகளுக்கு வரும். அவர்கள் 18 வயதுக்குக் கீழ் இருந்தால், அவர்களுக்காகப் பேசக் காப்பாளர் ஒருவர் வர வேண்டும்.

வளர்ப்புப் பிள்ளை. நீதிமன்ற ஆணையின் மூலம் தத்தெடுக்கப்பட்டவர் சொந்தப் பிள்ளையைப் போலவே வாரிசு. தேசியப் பதிவு இலாகாவில் மட்டும் பதிந்து வளர்க்கப்பட்டவருக்கு வாரிசுரிமை இல்லை. இரண்டும் ஒன்று என்று நம்பி, பலர் கடைசி நேரத்தில் ஏமாந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் சேர வேண்டும் என்றால் உயில் எழுதுங்கள்.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாத மனைவி. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதியப்பட வேண்டும். அதற்கு முன் முறைப்படி நடந்த வழக்கத் திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. அதற்குப் பின் மாலை மாற்றியதோடு நின்றவர்கள், முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருந்தாலும், மனைவியா இல்லையா என்பதிலிருந்தே வழக்காட வேண்டியிருக்கிறது. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் இல்லையென்றால் சிக்கல் இரட்டிப்பு. பதிவு என்பது வெறும் தாள் அல்ல. விசாரணை அறைக்குள் நுழையும் சீட்டு.

மதம் மாறியவரின் குடும்பம். எவரெஸ்ட் குழு உறுப்பினர் மூர்த்தி 2005 டிசம்பர் 20-இல் காலமானார். இரண்டு நாளில் அவர் முஸ்லிம் என்று ஷரியா உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த விசாரணையில் மனைவி காளியம்மாள் ஒரு தரப்பினராக இல்லை. டிசம்பர் 28-இல், தனக்கு அதில் தலையிட அதிகாரம் இல்லை என்று சிவில் உயர் நீதிமன்றம் கைவிரித்தது. அது அடக்கம் பற்றிய வழக்கு. ஆனால், மனைவி இல்லாத அறையில் அவர் வாழ்க்கையைத் தொடும் முடிவு எடுக்கப்படலாம் என்பதை நாடே அன்று பார்த்தது. சொத்து விஷயத்தில் பின்னர் ஒரு மாற்றம் வந்தது. 2018 டிசம்பர் 15 முதல் திருமணச் சட்டத்தில் 51ஏ பிரிவு நடப்பில் உள்ளது. மதம் மாறியவர், பழைய திருமணம் ரத்தாகாமலேயே இறந்துவிட்டால், அந்தத் திருமண வாழ்க்கையில் தேடிய சொத்தைப் பகிர்ந்து தரும்படி மனைவியோ, கணவரோ, பிள்ளைகளோ, பெற்றோரோ நீதிமன்றத்தைக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். அது தானாக வராது.

கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

பெயர் பட்டியலில் இருந்தும் பங்கை இழப்பவர்கள் உண்டு. எப்படி? 'நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம் தங்கச்சி, இதில் ஒரு கையெழுத்துப் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரு தாள் வரும். அதன் பெயர் 'போராங் டிடிஏ'. விசாரணைக்கு வர முடியாதவர் தன் இணக்கத்தைத் தெரிவிக்கும் பாரம் அது. சத்தியப் பிரமாண ஆணையர் போன்ற அதிகாரம் பெற்றவர் முன் கையெழுத்திட வேண்டும்.

அதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருக்கலாம். அண்ணன் நிர்வாகியாக இருக்கட்டும் என்று சம்மதிப்பது ஒன்று. என் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்பது இன்னொன்று. முதலாவதில் உங்கள் பங்கு அப்படியே இருக்கும். இரண்டாவதில் போய்விடும். மலாயில் உள்ளது புரியவில்லை என்றால், புரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வாசிப்பவர், பங்கைப் பெறப்போகிறவராக இருக்கக் கூடாது. நிரப்பாத பாரத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். மனமொத்து விட்டுக்கொடுத்தால் அது உங்கள் பெருந்தன்மை. தெரியாமல் விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை அல்ல.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

போங்கள். அன்றைய சம்பளம் போனாலும் போங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், மரணப் பத்திரம், கெராண்ட் பிரதி, கையில் உள்ளதை எடுத்துச் செல்லுங்கள். பட்டியலில் யாராவது விடுபட்டிருந்தால் அதிகாரியிடம் அங்கேயே சொல்லுங்கள். கணக்குப் புரியவில்லை என்றால் கேளுங்கள். உண்மையிலேயே போக முடியாவிட்டால், தேதிக்கு முன்பே காரணத்தை எழுத்தில் கொடுத்து ஒத்திவைக்கக் கேளுங்கள். வாய் வார்த்தையை நம்பாதீர்கள், முத்திரையிட்ட பிரதியை வாங்கி வையுங்கள்.

நோட்டீஸ் வராமலேயே சந்தேகம் வந்தால்?

சும்மா இருந்துவிடாதீர்கள். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி, கெராண்ட் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். பூசாக்கா பிரிவுக்கு மரணப் பத்திரப் பிரதியோடு போய், இறந்தவரின் பெயரில் மனு வந்திருக்கிறதா என்று கேட்கலாம். இருந்தால், நானும் வாரிசு என்று உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் யாராவது புரொபேட்டோ சுராட் குவாசாவோ வாங்கப் போகிறார் என்று தெரிந்தால், அங்கே கேவியட் பதியலாம். எனக்குச் சொல்லாமல் கொடுக்காதீர்கள் என்பதே அதன் பொருள். அது ஆறு மாதம் செல்லும். முடிவதற்குள் புதுப்பிக்கலாம். கேவியட்டுக்குப் பதிலாக உங்களுக்கு எச்சரிக்கை நோட்டீஸ் வந்தால் சில நாள்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும், தாமதம் கூடாது.

எல்லாம் முடிந்த பின் தெரிந்தால்? வழி அடைபட்டுவிடவில்லை, ஆனால் குறுகிவிட்டது. சிறுசொத்து ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், அதற்கான நாள்கள் மிகக் குறைவு. வாரிசை மறைத்து வாங்கிய சுராட் குவாசாவைத் தக்க காரணம் காட்டி ரத்து செய்யக் கேட்கலாம். பொய்த் தகவல் கொடுத்திருந்தால் அது குற்றமும் ஆகும். ஆனால் வீடு அதற்குள் வேறொருவருக்கு விற்கப்பட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். பணத்தைத் துரத்த வேண்டியதுதான். அதனால்தான் முன்கூட்டியே தெரிவது இவ்வளவு முக்கியம்.

உயிலில் கைவிடப்பட்ட மனைவிக்கும், கணவருக்கும், மணமாகாத மகளுக்கும், வயது வராத மகனுக்கும், உடல் அல்லது மனநலக் குறையால் தன்னைப் பராமரிக்க இயலாத பிள்ளைக்கும் 1971-ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்பு வாரிசுச் சட்டம் ஒரு வழி தருகிறது. இறந்தவர் சொத்திலிருந்து நியாயமான பராமரிப்புக் கேட்கலாம். கெடு ஆறு மாதம். உங்களுக்குச் செய்தி தெரிந்த நாளிலிருந்து அல்ல, புரொபேட் முதலில் வழங்கப்பட்ட நாளிலிருந்து! தெரியாதவர்மீதும் கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் ஆகியவற்றை அணுகுங்கள். தகுதி உள்ளவர்களுக்கு உதவுவது அவற்றின் கடமை.

மனு போடப் போகும் அண்ணனுக்கும் அக்காவுக்கும்

உங்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றியவர், வீட்டுத் தவணை கட்டியவர், காரியம் செய்தவர் பெரும்பாலும் நீங்கள்தான். அலைச்சலும் உங்களுக்குத்தான். நீங்கள் கட்டிய தவணைக்கும் செய்த செலவுக்கும் ரசீதைக் காட்டி விசாரணையில் கேளுங்கள். அது நேர் வழி. ஒரு பெயரை விட்டுவிட்டு எடுத்துக்கொள்வது நேர் வழி அல்ல. இன்று எளிதாக முடிந்தது என்று நினைப்பீர்கள். பத்து வருடம் கழித்து விடுபட்ட தங்கையின் மகன் வழக்கோடு வந்து நிற்பான். உங்கள் பிள்ளைகள் வாசலில் சம்மன் வாங்குவார்கள்.

மனு போடும் முன் எல்லோரையும் ஒருமுறை கூட்டிப் பேசுங்கள். காரியத்துக்கு அத்தனை பேரும் வருகிறார்களே, அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொருவரின் முழுப் பெயர், அடையாள அட்டை எண், இப்போதைய முகவரி, கைப்பேசி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இழுத்தடிக்கவும் வேண்டாம். தள்ளிப்போட்டால் வாரிசுகளிலும் ஒருவர் இறப்பார், அவருடைய வாரிசுகளையும் தேட வேண்டும். நான்கு பேர் கையெழுத்தில் முடிய வேண்டியது இருபது பேர் கையெழுத்துக்குக் காத்திருக்கும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது

குடும்பத்தின் நேர்மையை மட்டும் நம்பி ஒரு சட்டம் நிற்கக் கூடாது. நாம் கேட்பவை பெரிய செலவில்லாதவை.

ஒன்று, பட்டியலை மனுதாரரிடம் மட்டும் கேட்காமல், இறந்தவர் பெயரில் பதிவான திருமணங்களையும் பிள்ளைகளையும் தேசியப் பதிவு இலாகாவின் ஆவணங்களோடு ஒவ்வொரு வழக்கிலும் ஒப்பிட வேண்டும். பிறப்பைப் பதிந்தது அரசாங்கம்தானே?

இரண்டு, திரும்பி வந்த நோட்டீஸை நோட்டீஸ் கொடுத்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. கைப்பேசிச் செய்தியும் அனுப்ப வேண்டும்.

மூன்று, நோட்டீஸோடு தமிழிலும் சீனத்திலும் ஒரு சிறு விளக்கம் இணைக்க வேண்டும். 'உங்கள் உறவினரின் சொத்து பிரிக்கப்படப் போகிறது, நீங்கள் வர வேண்டும், விட்டுக்கொடுக்கக் கட்டாயமில்லை' என்ற மூன்று வரி போதும்.

நான்கு, பழைய தோட்டத்து முகவரி உள்ள வழக்குகளில், அந்த வட்டாரத்துக் கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் சமூக மண்டபத்திலும் அறிவிப்பை ஒட்ட வேண்டும். சிதறிய மக்கள் வருடம் ஒருமுறை திருவிழாவுக்காவது அங்கே வருகிறார்கள்.

இவை கிடைக்கும்வரை நாமே ஒருவருக்கொருவர் நோட்டீஸாக இருப்போம். இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அடையாள அட்டையை எடுத்து, அதில் உள்ள முகவரியில் நீங்கள் உண்மையிலேயே குடியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவு இலாகாவுக்குப் போய் மாற்றுங்கள். திருமணத்தைப் பதியாதவர்கள் பதியுங்கள். அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருந்தால், இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சாட்சிகள் சொத்துப் பெறுபவராகவோ அவருடைய கணவன் மனைவியாகவோ இருக்கக் கூடாது, இருந்தால் அவர் பங்கு போய்விடும்.

பிறகு தூரத்தில் இருக்கும் ஒரு தங்கைக்கு, ஓர் அத்தைக்கு, பேச்சு வார்த்தை அற்றுப்போன ஓர் அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள். இந்த நாட்டில் நம் பெயர் விடுபட்ட பட்டியல்கள் ஏற்கெனவே ஏராளம். நம் வீட்டுப் பட்டியலிலாவது எல்லோர் பெயரும் இருக்கட்டும்.